ஒல்லியான உடம்பு, கொழுத்த கல்லீரல்

உடம்பில் ஓடும் சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்தில் கரைந்திருக்கும் சர்க்கரை முழுவதையும் பிரித்தெடுத்தால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் தேறாது. நலமாக இருப்பவருக்கு வெறும் வயிற்றில் நாலரை கிராம், மிஞ்சினால் ஐந்து கிராம். அது ஆறேகால் கிராமைத் தொட்டுவிட்டால் நீரிழிவு என்று மருத்துவர் எழுதிவிடுவார். ஆரோக்கியத்துக்கும் நோய்க்கும் நடுவே இருப்பது சுமார் ஒன்றரை கிராம்.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் ஏதாவதொரு காப்பிக்கடையில் காலை ஏழு மணிக்கு இரண்டு பரோட்டாவும் ஒரு தே தாரிக்கும் சாப்பிடுகிறவர், அந்த ஒரு தேக்கரண்டி இருக்கும் இடத்துக்குள் அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான சர்க்கரையை ஓரிரு மணி நேரத்தில் இறக்குகிறார். வேலைக்குப் போக ரயிலேறி ஊர் மையத்தில் இறங்கும்போது, நல்ல உடம்பு அத்தனையையும் எங்கெங்கோ கொண்டு சேர்த்துவிட்டு, ரத்தத்தில் மறுபடியும் ஒரு தேக்கரண்டியை நெருங்கிக்கொண்டிருக்கும். மதியம் சோறு, மாலையில் வடை, இரவு மீ கோரெங். ஒவ்வொரு முறையும் இதே வேலை. ஐம்பது, அறுபது வருடம் நாள் தவறாமல் இதைச் செய்கிற உடம்பு ஏன் ஒரு நாள் அந்த ஒன்றரை கிராமில் தடுமாறுகிறது என்பதுதான் இரண்டாம் வகை நீரிழிவின் புதிர்.

அளவுகளைப் பற்றி முதலில் ஒரு சிறு குறிப்பு. சிங்கப்பூரில் ரத்தச் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். ஊரில் மில்லிகிராம் கணக்கு. காரைக்குடியில் இருக்கும் அண்ணன் “எனக்கு 126” என்று தொலைபேசியில் வருத்தப்பட, “எனக்கு வெறும் 7தான் அண்ணே” என்று இங்கே தம்பி நிம்மதியடைந்துவிடக் கூடாது. ஏழைப் பதினெட்டால் பெருக்கினால் 126. இருவருக்கும் ஒரே அளவுதான். வெறும் வயிற்றில் அந்த எண் வந்தால் இருவருமே நீரிழிவின் வாசலைத் தாண்டிவிட்டவர்கள்.

2016 ஏப்ரலில் அன்றைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிரான போரை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மறு ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் அந்த நோய்க்கென்று கணிசமான நேரம் ஒதுக்கினார். அறுபது வயதைத் தாண்டிய சீனர்களில் பத்துக்கு இரண்டரைப் பேர், மலாய்க்காரர்களில் பத்துக்கு ஐந்து பேர், இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேர் என்று அவர் சொன்ன கணக்கு எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் புதிதாக இருந்திருக்காது. கல்யாண வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையைப் பார்த்தாலே தெரியும். வருந்த வேண்டியது அந்த எண்ணைவிட அதை நாம் ஏற்றுக்கொண்ட விதத்தைத்தான். “அப்பாவுக்கு இனிப்புநீர் இருந்தது, எனக்கும் வந்துவிட்டது” என்று, பூர்வீக வீட்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறோம். மாத்திரை, அப்புறம் கூடுதல் மாத்திரை, அப்புறம் ஊசி. அந்தப் பாதையில் திரும்பி வர வழியே கிடையாது என்றுதான் மருத்துவமும் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த எண்ணத்தைக் கலைத்தது இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சிறிய சோதனை.

அதைப் புரிந்துகொள்ள, பலதுறை மருந்தகத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம். “ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஒன்றுமே சாப்பிடலை டாக்டர், காலையில் எப்படி ஒன்பது இருக்கும்?” நியாயமான கேள்வி. அந்தச் சர்க்கரை தட்டிலிருந்து வரவில்லை, கல்லீரலிலிருந்து வந்தது. நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். அதைக் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்தும், புதிதாகத் தயாரித்தும் இரவு முழுவதும் ரத்தத்தில் விடுகிறது. போதும் என்று அதற்குச் சொல்வது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். கல்லீரலின் உயிரணுக்களுக்குள் கொழுப்பு சேரச் சேர, அந்தச் சொல் அதன் காதில் விழுவதில்லை. கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அதிக இன்சுலின், உண்ட மாவுச்சத்திலிருந்து இன்னும் அதிகக் கொழுப்பைச் செய்யும்படி அதே கல்லீரலைத் தூண்டுகிறது. தேங்கிய கொழுப்பைக் கல்லீரல் ரத்தத்தில் ஏற்றி அனுப்ப, அதில் ஒரு பங்கு கணையத்திலேயே போய்ப் படிகிறது. கொழுப்பில் மூழ்கிய கணையம் சோர்ந்துபோகிறது. இந்த இரட்டைச் சுழலைத்தான் 2008இல் பேராசிரியர் ராய் டெய்லர் ஒரு கருதுகோளாக முன்வைத்தார்.

கருதுகோள் சரியென்றால், உணவைக் கடுமையாகக் குறைத்துக் கல்லீரலின் கொழுப்பைக் கரைத்தால் சுழல் எதிர்த்திசையில் ஓட வேண்டும். உடல் பருமனுக்காக வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளுக்கு, எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே, சில நாட்களில் சர்க்கரை இறங்கிவிடுவதை மருத்துவர்கள் பார்த்திருந்தார்கள். அறுவையின் ஏதோ மாயம் என்று பலர் நினைத்தார்கள். டெய்லர், அவர்கள் சாப்பிடாமல் இருந்ததுதான் காரணமாக இருக்கும் என்று நினைத்தார். பதினொரு நீரிழிவு நோயாளிகள் முன்வந்தார்கள். எட்டு வாரத்துக்கு, காய்கறியும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி. காந்த அதிர்வுக் கருவியில் கல்லீரலையும் கணையத்தையும் படம் பிடித்து, உள்ளே எவ்வளவு கொழுப்பு என்று அளந்தார்கள்.

2011இல் வெளியான முடிவை இன்று படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை. ஏழே நாட்களில் கல்லீரல் கொழுப்பில் முப்பது விழுக்காடு போய்விட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 9.2இலிருந்து 5.9க்கு இறங்கியது. அந்த ஒரு வாரத்தில் கல்லீரல் மறுபடியும் இன்சுலினின் சொல்லைக் கேட்கத் தொடங்கியிருந்தது. கணையம் கொஞ்சம் பொறுமை கேட்டது. எட்டு வாரம் முடியும்போது அதன் கொழுப்பு 8 விழுக்காட்டிலிருந்து 6.2க்கு வந்து, சாப்பிட்டதும் சட்டென்று இன்சுலின் சுரக்கும் பழைய துடிப்பு திரும்பியிருந்தது. கணையத்தில் மிகையாக இருந்த கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. செத்துவிட்டதாகக் கருதப்பட்ட உயிரணுக்கள் அந்தச் சிறு பாரத்தின் கீழ் உறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

பதினொரு பேரை வைத்து உலகை நம்பவைக்க முடியாது. டெய்லரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் சேர்ந்து ஸ்காட்லாந்திலும் டைன்சைடிலும் உள்ள சாதாரணக் குடும்ப மருத்துவர்களின் மருந்தகங்களில் 306 பேரை வைத்து ‘டைரக்ட்’ என்ற பெரிய சோதனையை நடத்தினார்கள். நீரிழிவு வந்து ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் ஊசி போடாதவர்கள். பாதிப் பேர் மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்கு 825 முதல் 853 கலோரி தரும் கஞ்சி போன்ற பானத்தில் இருந்து, பிறகு மெல்ல உணவுக்குத் திரும்பினார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு மாத்திரை இல்லாமலே நீரிழிவு அடங்கியிருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 விழுக்காடு. பதினைந்து கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 86 விழுக்காடு.

இந்த இடத்தில் புக்கிட் பாத்தோக் வாசகர் ஒருவர் கேட்கக்கூடும்: வெள்ளைக்காரர்கள் நூறு கிலோ இருந்தார்கள், பதினைந்து கிலோ குறைத்தார்கள், என் எடையே அறுபத்தெட்டு, எனக்கு ஏது கொழுப்பு?

அதற்குப் பதில் ஒரு புகைப்படத்தில் இருக்கிறது. 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைச் சொல்லும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லிதான். உடம்புக்குள் அளந்து பார்த்தபோது யுட்கினிடம் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிடம் 21.2. நம் உடம்பின் கதை முழுவதும் அந்த ஒரு படத்தில் அடக்கம். தராசு ஒரே எடையைக் காட்டுகிறது. தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பதை அது சொல்வதில்லை.

அந்தக் கொழுப்பு எங்கே போகிறது என்பதுதான் அடுத்த விஷயம். தோலுக்கு அடியில் தங்கும் கொழுப்பு பெரிய தொல்லை தருவதில்லை. அதை வீட்டுப் பரண் என்று வைத்துக்கொள்ளலாம். பரண் பெரிதாக இருக்கிறவர் எவ்வளவு சாமானையும் மேலே ஏற்றிவிட்டு நடமாடுவார். பரண் சிறிதாக இருக்கிறவருக்குக் கொஞ்சம் மிஞ்சினாலும் கூடத்திலும் சமையலறையிலும் குவியும். தெற்காசியர் பலருக்குப் பரண் சிறிது. மிச்சம் கல்லீரலுக்குப் போகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மெலிந்த இளைஞர்களைச் சோதித்தபோது, இந்திய வம்சாவளி ஆண்களின் கல்லீரலில் வெள்ளையரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கொழுப்பு இருந்தது. 2006இல் வெளியான ஆய்வு அது. ஒவ்வொருவருக்கும் தாங்கக்கூடிய கொழுப்புக்குத் தனி எல்லை உண்டு, அதைத் தாண்டியவருக்கு நீரிழிவு வருகிறது என்று டெய்லர் பின்னர் சொன்னதும் இதைத்தான்.

2002 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் இதே சிங்கப்பூரில் கூடித்தான், ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டில் 25 என்ற பொது எல்லை போதாது, 23இலேயே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்று பேசி முடித்தார்கள். ஐந்தடி ஏழு அங்குலம், அதாவது 170 சென்டிமீட்டர் உயரமும் 68 கிலோ எடையும் கொண்டவருக்குக் குறியீடு 23.5. ஊரில் அவரைப் பார்த்து “என்னப்பா இளைச்சுப்போயிட்ட” என்பார்கள். சிங்கப்பூரின் அளவுகோலில் அவர் ஆபத்துப் பகுதிக்குள் நிற்கிறார். தராசு இல்லாவிட்டால் தையற்காரரின் அளவுநாடா போதும்: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் கவனம் தேவை.

ஒல்லியானவர்களுக்கும் எடைக்குறைப்பு பலிக்குமா என்று நியூகாசல் குழு தனியாகவே சோதித்துப் பார்த்தது. 2023இல் வெளியான அந்தச் சோதனையில் இருபது பேர். குறியீடு சராசரியாக 24.8, குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சராசரியாக ஆறரை விழுக்காடு எடையைக் குறைத்தபோது இருபதில் பதினான்கு பேருக்கு நீரிழிவு அடங்கியது. நம் 68 கிலோக்காரருக்கு ஆறரை விழுக்காடு என்பது நாலரைக் கிலோ. இது எட்டாத இலக்கு அல்ல. தமிழ் வாசகர் தன் மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று பேச வேண்டிய எண் ஒன்றே ஒன்று என்றால், பதினைந்து கிலோவைவிட இதையே நான் சொல்வேன்.

உள்ளூரிலும் சான்று இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் உணவியல் துறையை நடத்திய லிம் சூ லின், சிங்கப்பூர் மருந்தகங்களுக்கு வரும் 204 நீரிழிவு நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஒரு பிரிவினர் கைத்தொலைபேசிச் செயலியில் தங்கள் உணவைப் பதிவுசெய்தார்கள். உணவியல் வல்லுநர் அதே செயலியில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். கஞ்சிப் பட்டினி எதுவும் இல்லை. நாசி லெமாக்கும் தோசையும் உள்ள நம் வழக்கமான உணவுதான், அளவும் தேர்வும் மாறின. ஆறு மாதத்தில் அவர்கள் சராசரியாக 3.6 கிலோ குறைந்தார்கள். மற்றப் பிரிவினர் 1.2 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 0.7 இறங்கியது. ஒரு மாத்திரையைக் கூட்டினால் கிடைக்கும் பலனுக்கு இது பக்கத்தில் வருகிறது.

இனி உடற்பயிற்சி. இதில் மக்கள் மனத்தில் ஒரு குழப்பம் உண்டு: நடந்தும் எடை குறையவில்லை, ஆகவே நடந்து பயனில்லை. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான பதில். நீரிழிவுக்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேர். எந்த மாற்றமும் செய்யாதவர்களில் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்குள் விழுந்தார்கள். நடந்து, சோற்றையும் எண்ணெயையும் குறைத்தவர்களில் 39 விழுக்காடு. அவர்களின் எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது!

எடை குறையாமல் இது எப்படி நடந்தது? தசையின் உயிரணுக்களுக்குள் சர்க்கரையை உள்ளே இழுக்கும் புரதங்கள் இருக்கின்றன. குளூட்-4 என்று பெயர். சும்மா இருக்கும் நேரத்தில் அவை உயிரணுவின் உள்ளே அடங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்தால் மேற்பரப்புக்கு வரும். ஆனால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் உதவி இல்லாமலே, வேறொரு பாதையில், அவை மேலே வந்துவிடுகின்றன. நீரிழிவு நோயாளியின் உடம்பில் இன்சுலினின் பாதை அடைபட்டிருந்தாலும் இந்தப் பாதை திறந்தேதான் இருக்கிறது. படியேறும் தொடை, தான் குண்டாக இருக்கும் உடம்பில் இருக்கிறதா, கணையம் சரியாக இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஏறுகிற அந்த நிமிடமே சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், தசை இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கிறது. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் ஓடித் தீர்ப்பதைவிட ஒன்றுவிட்டு ஒருநாளாவது நடப்பது நல்லது என்பது இதனால்தான்.

புக்கிட் பாத்தோக் இதற்கென்றே அமைந்ததுபோன்ற ஊர். கருங்கல் வெட்டிய குழிகள் நிறைந்திருந்த நிலத்தில் 1988இல் இயற்கைப் பூங்கா திறந்தார்கள். பழைய குழி இன்று குளம். சுற்றிலும் காட்டுக்குள் ஏறி இறங்கும் பாதைகள். பூங்காவை அடுத்து லோரோங் செசுவாய் சாலையின் முடிவில் ஒரு நீண்ட படிக்கட்டு இருக்கிறது. 1942இல் ஜப்பானியர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளைக் கொண்டு மலையுச்சியில் ஒரு நினைவுச் சின்னத்தைக் கட்டினார்கள். 1945இல் சரணடைவதற்கு முன் தாங்களே அதை இடித்துவிட்டார்கள். படிகள் மிஞ்சின. நூற்றுக்கும் மேற்பட்ட அந்தப் படிகளில் காலை நேரத்தில் பெரியவர்கள் நிதானமாக ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். உடம்பின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும்தான் இருக்கின்றன. படியேற்றம் அவற்றைத்தான் வேலை வாங்குகிறது.

மூட்டுவலி உள்ளவர்கள் மலையை விட்டுவிடலாம். நியூசிலாந்தில் 41 நீரிழிவு நோயாளிகளிடம், எப்போது வேண்டுமானாலும் அரைமணி நடப்பதையும், ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டார்கள். மொத்த நேரம் ஒன்றே. உணவுக்குப் பின் நடந்தபோது ஏறிய சர்க்கரை 12 விழுக்காடு குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 விழுக்காடு. அப்போதுதான் நாம் அதிகச் சோறு சாப்பிடுகிறோம், அப்போதுதான் நாற்காலியில் சாய்கிறோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் தொலைக்காட்சி நாடகத்துக்கு முன் மின்தூக்கியில் இறங்கி, புளோக்கைச் சுற்றி வந்தால் பத்து நிமிடம் ஆகிவிடும்.

உணவில் நம்மவர்கள் சர்க்கரையைப் பார்த்து அஞ்சுகிற அளவுக்குச் சோற்றைப் பார்த்து அஞ்சுவதில்லை. “தே ஓ கோசோங்” என்று சர்க்கரையில்லாத் தேநீர் வாங்கிக்கொண்டு, தட்டில் சோற்றை மலையாகக் குவிக்கிறோம். கோசோங் நல்லதுதான். நூறு மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதல் ‘டி’ முத்திரை குத்தி, விளம்பரத்தையும் அரசு தடுத்தது மிகச் சரியான காரியம். 330 மில்லி டப்பா ஒன்றில் அந்தக் கணக்கில் முப்பத்துமூன்று கிராமுக்கு மேல் போகிறது. ஆனால் இருநூறு கிராம் சோற்றிலும் ஐம்பது கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. வயிற்றுக்குள் போனதும் அதுவும் சர்க்கரைதான். கேழ்வரகு என்றால் ஏறாது என்ற நம்பிக்கையும் சரியல்ல. மாவாக்கிக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் அதுவும் வேகமாகவே ஏறும்.

வாழை இலைச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், தொட்டுக்கொள்ள. சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டு இதற்கு நேர்மாறு: பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, கால் பங்குதான் சோறு. சாப்பிடும் வரிசையும் முக்கியம். நியூயார்க்கில் நடந்து 2015இல் வெளியான சிறு ஆய்வொன்றில், அதே உணவை, காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்டபோது ஒரு மணி நேரத்தில் சர்க்கரை 37 விழுக்காடு குறைவாக இருந்தது. சிங்கப்பூரில் பேராசிரியர் கிறிஸ்டியானி ஜெயகுமார் ஹென்றியும் சக ஆய்வாளர்களும் நலமான சீனர்களிடம் சோறு, காய், இறைச்சி வைத்துச் செய்த ஆய்விலும் சோற்றைக் கடைசியில் உண்பதே நல்லது என்று தெரிந்தது. தேக்கா சந்தையில் வாங்கிய முளைக்கீரையையும் அவரைக்காயையும் ஒரு கிண்ணம் நிறைய முதலில் சாப்பிட்டுவிட்டு, மீனைத் தொட்டு, அப்புறம் சோற்றுக்கு வந்தால் இரண்டாம் கரண்டிக்கு இடமிருக்காது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, எச்சரிக்கையைத் தாழ்ந்த குரலில் சொல்ல மனம் வரவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. கிளிக்ளசைட், கிளிபிசைட் போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டே உணவை வெட்டினால் சர்க்கரை நாலுக்குக் கீழே போய் மயங்கி விழ நேரிடும். அளவைக் குறைத்துத் தருவது மருத்துவரின் வேலை. எண்ணூறு கலோரி உணவு மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே. காலம் கடந்தால் வாய்ப்பும் குறையும்: பதினைந்து ஆண்டு ஊசி போட்டவருக்குக் கணையம் எழுந்திருக்காமல் போகலாம், அது அவர் குற்றமல்ல, அவருக்கும் ஐந்து கிலோ குறைந்தால் மருந்து குறையும், ரத்த அழுத்தம் இறங்கும். அடங்கிய நீரிழிவு எடை ஏறினால் திரும்பும். டைரக்ட் சோதனையில் 46 விழுக்காடு இரண்டாம் ஆண்டில் 36 ஆனது. மருந்தில்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே நின்றால் அதை நிவாரணம் என்பார்கள். அதன் பிறகும் ஆண்டுதோறும் கண்ணையும் காலையும் காட்டத்தான் வேண்டும்.

ஆகவே வேகமே முக்கியம். நீரிழிவு என்று சொல்லப்பட்ட முதல் ஆண்டுதான் மிகவும் விலை மதிப்புள்ள ஆண்டு. நம் வீடுகளில் அந்த ஆண்டுதான் “இப்போதைக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்று வீணாகப் போகிறது. 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். முதல் சந்திப்புக்குக் கட்டணமில்லை. அந்தச் சந்திப்பில் மாத்திரையைப் பற்றிக் கேட்பதோடு மூன்றைக் கேட்டு எழுதி வாங்கி வரலாம்: என் இடுப்பளவு என்ன, கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதா, நான் எத்தனை கிலோ குறைய வேண்டும். அப்பாவுக்கு நீரிழிவு என்றால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறி, பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்ட மகளும் கேட்க வேண்டும். பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அவளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அவசரத்தில் தன் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவளும் பெரும்பாலும் அவள்தான்.